இடியன் ரதீஸ் கூடாரம் போட்ட நாள்

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தவன் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருக்க வேண்டும். சண்டை முற்றிப்போனால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்ட வேண்டியவனும் அவன்தான். வேறு ஊர்களில் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவார்களாம். இங்கே முறுக்கிய மீசையோடு ஆம்பிளைகள் பஸ் நிலையத்தில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழிப்பார்கள். ரதீஸ் அப்படி முழித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், தேற்றாத்தீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

யாரும் அவனுக்காகப் பரிதாபப்படவில்லை. படுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முதல்நாள் பின்னேரம், குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று தொடங்கிய வாய்த்தர்க்கத்தில் மனைவி மேனுகாவின் மணிக்கட்டை முறித்திருந்தான். விலக்குப் பிடிக்க ஓடிவந்த அவளுடைய தம்பி நிலோஜனின் காறை எலும்பையும் உடைத்திருந்தான். மகள் விதுர்ஷாவுக்கு அப்போது எட்டு வயது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளையை வெளியே எடுக்க அயல் பெண்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

மேனுகா கத்தவில்லை, சாபம் போடவில்லை. முறிந்த கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் அவனுடைய சாரங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள். வீசி எறிந்திருந்தால், கோபம் ஆறியதும் கூப்பிடுவாள் என்று நினைத்திருப்பான். மடித்து வைத்ததைப் பார்த்ததும்தான் இனிக் கூப்பிட மாட்டாள் என்று அவனுக்கு விளங்கியது.

அவன் பெரியகல்லாற்றில் பிறந்தவன். ஊர் வைத்த பெயர் இடியன். காட்டுக்குப் போகிறவர்கள் தாங்களே தட்டிச் செய்துகொள்ளும் துவக்குக்கு இடியன் என்று பெயர். எப்போது வெடிக்கும், யார் மேல் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. தகப்பன் தோணிக் கயிற்றால் அடித்து வளர்த்தான். பதினாலு வயதில் ரதீஸ் அந்தக் கயிற்றைப் பறித்துத் தகப்பனைத் திருப்பி அடித்தான். அதற்குப் பிறகு வீட்டில் அடி நின்றது, வெளியில் தொடங்கியது. கரப்பந்து விளையாட்டில் ஒருவனின் பல், கோயில் திருவிழாவில் ஒருவனின் மூக்கு, கலியாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்கு ஏழு தையல். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது, அதை அவன் விளக்கமாகச் சொல்லவும் செய்வான்.

தொழில் கரைவலை. தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் மீன் கூட்டத்தை வளைத்து இறக்க, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுக்கும் தொழில். தோணியில் இருப்பவர்களுக்கு மீன் கூட்டம் தெரியாது. அது கரையில், மணல்மேட்டில் நிற்கிற ஒருவனுக்குத்தான் தெரியும். தண்ணீரில் கறுப்பாக ஒரு நிழல் நகரும். அவன் அதைப் பார்த்து, தோளில் கிடக்கும் துவாயை எடுத்து வீசித் தோணியை நடத்துவான். இடப்பக்கம் வீசினால் வடக்கே போ, வலப்பக்கம் வீசினால் தெற்கே போ. இரண்டு கையாலும் துவாயைப் பிடித்துத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே அறைந்தால், இறக்கு வலையை. அந்த அறைக்குப் பிறகு தோணியில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ரதீஸ் ஆறு வருடம் அப்படி மணல்மேட்டில் நின்றவன். அவன் கண்ணுக்கு அந்தக் கரையில் நல்ல பெயர் இருந்தது. கைக்குத்தான் இல்லை, சக தொழிலாளி ஒருவனைத் துடுப்பால் அடித்த நாளோடு வலையை விட்டும் துரத்திவிட்டார்கள்.

மேனுகா வெளியே அனுப்பிய பிறகு பெரியகல்லாற்றுக்குப் போனான். அங்கே அவன் பிறந்த வீடும் இப்போது தங்கச்சியின் சீதன வீடு. மூன்றாம் நாள் தங்கச்சி புருஷனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்துவிட்டு இறங்கினான். காத்தான்குடியில் உசனார் என்று ஒரு கூட்டாளி, கட்டாரிலிருந்து வந்தவர், ஒரு கூடாரத்தைக் கொடுத்து, "இதுக்குள்ள படு, மறுகாப் பாப்பம்" என்றார். கடற்கரையில் அதைப் போட்டுப் படுத்தான். கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் அதைக் கண்டு, தங்களுக்கும் அப்படி வேண்டும் என்று கேட்டது. இப்போது ரதீசிடம் மூன்று கூடாரமும் ஒரு ஓட்டோவும் இருக்கின்றன. வருகிறவர்களை ஏற்றி, கரையோரம் முழுக்கச் சுற்றிக் காட்டி, கூடாரம் போட்டு, சோறு ஆக்கிக் கொடுப்பான். இருக்க வீடில்லாதவன் ஊருக்குக் கூடாரம் போடுகிறான் என்று சந்தியில் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டான்.

இந்த இரண்டு வருடத்தில் சாராயத்தைத் தொடவில்லை, யார் மேலும் கை ஓங்கவில்லை. அது உண்மை. வெறிகாரப் பயணி ஒருவன் முகத்தில் துப்பியபோதுகூடத் துடைத்துக்கொண்டு போனான். இதெல்லாம் தேற்றாத்தீவுக்குப் போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தது. ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை மேனுகா தானே அவனைத் தேடி வந்தாள்.

"சனிக்கிழமை நாங்க வாறம். நானும் மகளும் தம்பியும். வாறவங்களுக்கெல்லாம் சுத்திக் காட்டுறீங்களாமே, எங்களுக்கும் காட்டுங்க. டென்ற்ல ஒரு நாள் இருந்து பாப்பம்."

"நிலோஜனுமா?"

"அவன் வரத்தான் வேணும். அவன் பக்கத்தில இரிக்கக்குள்ள நீங்க எப்பிடி இரிக்கிறீங்க எண்டு எனக்குப் பாக்க வேணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "சரியா இருந்தா ஞாயிற்றுக்கிழமை பையோட வாங்க."

ஊரில் எத்தனையோ பேர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து மனைவியிடம் திரும்பிப் போயிருக்கிறார்கள். மேனுகாவுக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு முழு நாள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ரதீஸ் இரண்டு நாளும் தூங்கவில்லை. ஓட்டோவைக் கழுவினான், கூடாரங்களைக் கழுவினான், கடைசியில் கழுவ ஒன்றும் இல்லாமல் கடற்கரைச் சருகைக் கூட்டினான்.

சனிக்கிழமை விடியவே புறப்பட்டார்கள். பின்னால் மேனுகா நடுவிலும் பிள்ளையும் தம்பியும் இரண்டு பக்கமுமாக இருந்தார்கள். பத்து வயது விதுர்ஷா தகப்பனின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதலில் குருமன்வெளித் துறைக்குப் போனான். அங்கே வாவியைக் கடக்க, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றும் பெரிய மிதவை ஒன்று போகும். அதைப் பாதை என்பார்கள். பாதையில் ஏறும்போது பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன் ஒருவன் ஓட்டோவில் மோதிப் பின்விளக்கை உடைத்தான். உடைத்ததும் போதாமல் வாய் விட்டான்.

"கண் தெரியாதவனெல்லாம் வண்டி ஓட்ட வந்திட்டானுகள்!"

ரதீசுக்குக் காது சூடாகியது. அவனைச் சேட்டுக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, பாதையின் விளிம்பில் முகத்தை வைத்துத் தேய்த்து, வாவிக்குள் எறிவதுவரை மனதுக்குள் செய்து முடித்துவிட்டான். முடித்த பிறகு, "பரவால்ல தம்பி" என்றான். கண்ணாடியில் பார்த்தபோது மேனுகா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டூர்ப் பக்கம் இறங்கிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாவிக் கரையில் கண்ணா மரக்காட்டு நிழலில் இருந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். நீர்க்காகங்கள் கம்புகளில் செட்டை விரித்துக் காய்ந்தன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இவர்கள் எறிந்த மீதியைத் தின்ன வந்த தெருநாய் ஒன்று தாகத்துக்குக் கரையில் வாயை வைத்தது. அடுத்த கணம் தண்ணீர் வெடித்தது. முதலையின் தலை தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்வதற்குள் நாயின் பின்னங்கால்கள் வானத்தில் உதறிக்கொண்டு உள்ளே போயின. ஒரு குரைப்புக்கூடக் கேட்கவில்லை. இரத்தம் கொஞ்சம் வந்து, கலைந்து, தண்ணீர் பழையபடி மினுங்கியது.

விதுர்ஷா வீரிட்டுக் கத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஓடி, கிட்டத்தில் நின்ற தகப்பனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். யாரைப் பிடித்தோம் என்று தெரிந்ததும் கையை எடுக்கப் பார்த்தாள். பிறகு எடுக்கவில்லை. ரதீஸ் அசையாமல் நின்றான். அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று பயம். செத்த நாயைப் பற்றி அவனுக்கு அந்த நேரம் ஒரு கவலையும் இருக்கவில்லை, நன்றிதான் இருந்தது.

பத்து மணிபோல் திரும்பிக் கடற்கரைப் பக்கம் வந்தார்கள். களுவாஞ்சிகுடியைத் தாண்டித் தெற்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், நடுவில் றோட்டும் வீடுகளும். வழியில் ஒரு பாலத்தில் ஓட்டோவை நிறுத்திக் காட்டினான். காற்றுக் கச்சான், வாவிப் பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசியது. நிலோஜன் இறங்கி நின்று, முதல் தடவையாக அவனிடம் நேரே பேசினான்.

"நல்ல இடம்தான் அத்தான்."

"தோள் இப்ப எப்பிடி மச்சான்?"

"மழைக்கு நோகும். மற்றப்படி இல்ல."

அதுவே ரதீசுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

பெரியகல்லாற்றையும் தாண்டி, சவுக்கு மரங்கள் நிற்கிற ஒரு வெறும் கரையில் கூடாரம் போட்டான். இரண்டு கூடாரம், நடுவில் சவுக்குத் தடி நட்டு நிழலுக்கு விரித்துக் கட்டிய படங்குத் துணி. மேனுகாவை ஒரு வேலை செய்ய விடவில்லை. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, சோறு ஆக்கி, பாரைமீன் குழம்பு வைத்தான். உப்பை மூன்று தரம் பார்த்தான். மேனுகா அதைக் கவனித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய பல்லைப் பார்த்தவனுக்கு அகப்பை கையிலிருந்து நழுவியது.

"காணும், காணும். இனிக் கடல் தண்ணி ஊத்தினாலும் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றாள்.

நாள் அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மணிக்குச் சோறு வெந்தது. நிலோஜனும் விதுர்ஷாவும் சிப்பி பொறுக்கிக்கொண்டு வடக்கே தூரமாகப் போயிருந்தார்கள். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது, கல்பார் என்பார்கள். அலை அதில் அடித்துத் திரும்பும்போது காலை வாரி இழுக்கும். ரதீசுக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பிள்ளை பாருக்குக் கிட்டே போவதைக் கண்டதும் அடுப்படியை விட்டு எழுந்தான். கத்தினான். காற்றும் அலையும் சத்தத்தை விழுங்கிவிட்டன. ஓடிப்போய் மணல்மேட்டில் ஏறி, தோளில் கிடந்த சிவப்புத் துவாயை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி, கீழே அறைந்தான்.

வேறு யாரும் அப்படித் துவாய் வீச மாட்டார்கள். பிள்ளையைக் கூப்பிடுகிற மனிதன் ஏதோ ஆட்டுவான், அசைப்பான், அவ்வளவுதான். ஆறு வருடம் பழகிய கைக்கு ஆட்டத் தெரியவில்லை.

கடலில் ஒரு தோணி நின்றது. கரைவலை முதலாளி அருமைநாயகம் சம்மாட்டியின் தோணி. காலையிலிருந்து ஒரு பெரிய கீரிமீன் கூட்டத்தைத் தொடர்ந்துகொண்டு, இன்னும் தெற்கே மேட்டில் நின்ற தங்கள் ஆளின் துவாய்க்காகக் காத்திருந்தது. தோணிக்காரர்கள் மேட்டையும் சிவப்பையும் சுழற்றிய சுழற்றலையும்தான் பார்த்தார்கள். வலையை இறக்கினார்கள். இறங்கிய இடம், வலையைக் கிழிக்கும் பாருக்கு மேலே. ரதீஸ் துவாயைக் கீழே விடுமுன் தோணியிலிருந்து வலை கறுப்பாகச் சரிவதைக் கண்டான். என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உடனே விளங்கியது. துவாயைக் கண்ட நிலோஜன் பிள்ளையைப் பாரை விட்டு விலக்கி, சிப்பி பொறுக்கியபடியே மெதுவாகத் திரும்பினான்.

அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார்கள். முன்னால் சம்மாட்டி, அறுபது வயது, வெறும் மேலில் கடல் தண்ணீர் வழிய. பின்னால் அவருடைய மகன் நிதுர்ஷனும் வலை இழுக்கிற நாலைந்து பேரும். கிழிந்த வலைத் துண்டொன்றை அருமைநாயகம் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று மாதம் பின்னிய வலை அது.

"ஆர்ரா துவாய் போட்டவன்?"

ரதீஸ் முன்னே போனான். "நான்தான் அண்ண. புள்ளையக் கூப்பிட்டன். பழக்கத்தில கை அப்பிடிப் போயிட்டு. தெரியாமச் செய்தது அண்ண."

"தெரியாம?" அருமைநாயகம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "இடியனில்ல நீ? ஆறு வருசம் மேட்டில நிண்டவன். உனக்குத் தெரியாம உன்ட கை சுத்துமா? ஆர் உன்ன அனுப்பின?"

"ஆரும் அனுப்பல்ல. அம்மாவாணச் சொல்லுறன்."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கொழும்புக்காரன் ஒருவன் செய்திருந்தால் பிழை என்று நம்பியிருப்பார். இவ்வளவு சுத்தமாக வீசிய ஒன்றைப் பிழை என்று எந்தச் சம்மாட்டி நம்புவான்?

முதல் அறையை அவரே கொடுத்தார். ரதீஸ் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ச் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது அறை நிதுர்ஷனுடையது. இருபத்தாறு வயதுக் கை, உதடு கிழிந்தது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. கூடாரத்துக்குப் பக்கத்தில் மேனுகா நின்றாள். அவள் பார்க்கிறாள் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் இருந்தது. மூன்றாவது அறைக்கு அவன் மனதுக்குள் தேற்றாத்தீவுப் படலையைத் திறந்துவிட்டான். வயிற்றில் உதை விழுந்தபோது வீட்டு வாசலில் நின்றான். முழங்காலில் விழுந்தவன் எழுந்து, மறுபடியும் கையைப் பின்னால் கட்டினான். "அடிங்க அண்ண, பிழை என்னிலதான்" என்றான். அப்படிச் சொன்னது அவர்களுக்கு நக்கலாகத் தெரிந்ததோ என்னவோ, ஒருவன் சோற்றுப் பானையைக் காலால் தட்டிவிட்டான். இன்னொருவன் மீன் வெட்டுகிற கத்தியால் கூடாரத்தை மேலிருந்து கீழே கிழித்தான். குழம்பு மணலில் ஊறியது. அதற்கும் அவன் கை வரவில்லை.

வந்தது நிலோஜன்தான். தூரத்திலிருந்து கண்டு, பிள்ளையை மணல்மேட்டில் நிற்கச் சொல்லிவிட்டு ஓடிவந்தான். அவன் ஒரு கடையில் கணினி திருத்துகிறவன். யாரையும் அடித்துப் பழக்கமில்லை. நேரே நிதுர்ஷனின் முதுகில் பாய்ந்து கழுத்தைப் பிடித்தான். நிதுர்ஷன் ஒரு உதறலில் அவனைக் கீழே போட்டு, தலைமயிரில் பிடித்துத் தரதரவென்று அலைக்குள் இழுத்துக்கொண்டு போனான். முழங்கால் அளவு தண்ணீரில் அவன் முகத்தை அமுக்கி, முதுகில் முழங்காலை ஊன்றினான். அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. நிலோஜனின் கைகள் தண்ணீரை அடித்தன. பிறகு மெதுவாக அடித்தன. மற்றவர்கள்கூட, "விடுடா, காணும் விடு" என்று கத்தத் தொடங்கினார்கள். நிதுர்ஷனுக்குக் கண்மண் தெரியவில்லை.

மேனுகா தண்ணீருக்குள் ஓடினாள். ஒருவன் அவளைத் தடுக்கப்போய்த் தள்ளிவிட்டான். விழுந்த இடத்திலிருந்து அவள் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"பாத்துக்கொண்டா நிக்கிறீங்க? என்ட தம்பியக் கொல்லுறான்! அடிங்க! அடிங்க அவனுக்கு!"

ரதீஸ் சாரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தான். படங்குக்கு நட்டிருந்த சவுக்குத் தடியைப் பிடுங்கினான். இரண்டு பாய்ச்சலில் தண்ணீருக்குள் நின்றான். முதல் அடி நிதுர்ஷனின் தோளில் விழுந்தது, பிடி விட்டுப்போனது. நிலோஜன் புரண்டு, இருமிக்கொண்டு கரைக்குத் தவழ்ந்தான். வேலை அவ்வளவுதான். ஒரே அடியில் முடிந்துவிட்டது.

இரண்டாவது அடி முழங்கையில். எலும்பு முறிகிற சத்தம் அலையையும் மீறிக் கேட்டது. மூன்றாவது விலாவில். நிதுர்ஷன் கரையைப் பார்த்து ஓடினான், ஈரமணலில் விழுந்தான், விழுந்தவனின் முதுகில் தடி இறங்கியது. தடுக்க வந்த ஒருவனுக்கு முகத்தில் பட்டு மூக்கு உடைந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ரதீசுக்குக் கைகள் இலேசாக இருந்தன. இரண்டு வருடம் கட்டி வைத்திருந்த கை. துப்பியவன் முகம், பின்விளக்கை உடைத்தவன் முகம், சந்தியில் சிரித்தவர்கள் முகம், தகப்பனின் முகம், எல்லாம் அந்த ஈரமணலில்தான் கிடந்தன. தூக்கினான், இறக்கினான். காதுக்குப் பக்கத்தில் பட்டு மணல் சிவந்தது. நிதுர்ஷன் கைகளால் தலையை மூடுவதை விட்டுவிட்டான். அருமைநாயகம் ஓடிவந்து மகனுக்கு மேலே குப்புற விழுந்து படுத்துக்கொண்டார். அடி அவருடைய முதுகில் இறங்கியது. மறுபடி இறங்கியது. மூன்றாவது முறை தூக்கி இறக்கியபோது தடி இரண்டாக முறிந்து, பாதி கடலுக்குள் போய் விழுந்தது.

அவன் நிறுத்தவில்லை. தடிதான் முறிந்தது.

கையில் கிடந்த குட்டைத் துண்டைப் பார்த்தான். சுற்றிப் பார்த்தான். வலைக்காரர்கள் தூரத்தில் நின்றார்கள். நிலோஜன் மணலில் கைகளை ஊன்றிக் கடல் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான், உயிரோடு. ரதீசுக்கு முகம் மலர்ந்தது. பரிசு வாங்கப்போகிற பள்ளிக்கூடப் பையனைப்போல மேனுகாவைத் தேடினான். இரத்த வாயோடு அவன் அந்த இடத்தில் சிரித்தான் என்பதுதான் கேவலம்.

"தம்பிக்கு ஒண்டுமில்லையே?"

மேனுகா குரல் கம்மிப்போய், தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிலோஜன்தான் பேசினான். "அக்கா, அத்தான் இல்லாட்டி நான் செத்திருப்பன்."

"ஓம். தெரியும்." அவள் ரதீசுக்குக் கிட்டே வந்தாள். அவளுக்குப் பயமில்லை. "தம்பிய மீட்டுத் தந்ததுக்குக் கும்பிடுறன். விளையாட்டுக்குச் சொல்லல்ல. சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"அப்ப நாளைக்கு..."

"அடிங்க எண்டு எத்தின தரம் சொன்னன்?"

"ரெண்டு மூணு தரம். அதுதானே வந்தன்."

"நிப்பாட்டுங்க எண்டு எத்தின தரம் கத்தினன்?"

ரதீஸ் யோசித்தான். உண்மையாகவே தேடிப் பார்த்தான். காற்றுச் சத்தம் ஞாபகம் இருந்தது. அலை ஞாபகம் இருந்தது, எலும்பு முறிந்த சத்தம் ஞாபகம் இருந்தது. அவளுடைய குரலை மட்டும் காணவில்லை.

"கேக்கல்ல மேனுகா. சத்தியமாக் கேக்கல்ல."

"அண்டைக்கும் உங்களுக்குக் கேக்கல்ல," என்றாள். "என்ட கை முறிஞ்ச பிறகும் நான் சொல்லிக்கொண்டுதான் கிடந்தன்."

அவள் ஏசியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு மணல்மேட்டைப் பார்த்து நடந்தாள். விதுர்ஷா நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். "மனே" என்று ரதீஸ் மகளைக் கூப்பிட்டான். பிள்ளை தாயின் பின்னால் போய், சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் பஸ்ஸுக்கு நிற்க றோட்டுப் பக்கம் நடந்தார்கள். நிலோஜன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கரையில் இருந்த ஒரே வாகனம் ரதீசின் ஓட்டோ. நிதுர்ஷனுக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. வலைக்காரர்கள் அவனைப் படங்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரதீஸ் ஒரு முனையைப் பிடிக்கப் போனான்; கையைத் தட்டிவிட்டார்கள். பிறகு ஓட்டோவின் பின்சீற்றில் ஏற்ற இடம் போதாமல், அவன்தான் மறுபக்கம் நின்று தலையைத் தாங்கி உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. அருமைநாயகம் முதுகைச் சாய்க்க முடியாமல் குனிந்து உட்கார்ந்து, மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல். பஸ் நிலையத்தில் நின்ற மூன்று பேரையும் தாண்டிப் போனான், ஓட்டோவை நிறுத்தவில்லை. பெரியகல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது, பின்னால் திரும்பாமல் கேட்டான்.

"அண்ண, நான் அடிக்கக்குள்ள நீங்க ஏதும் சொன்னீங்களா?"

அருமைநாயகம் மகனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னன்."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஒரே புள்ள எண்டு சொன்னன். ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னன். உன்ட காலையும் பிடிச்சன்."

பாலத்தின் முடிவில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் நோகாமல் இறங்கட்டும் என்று ரதீஸ் ஓட்டோவை மெதுவாக்கினான்.